நாவறியும் சொற்கள்

ஒயினைச் சுவைக்கக் கற்பதை மேட்டிமையின் பாவனை என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். கோப்பையைச் சுழற்றுவதும், மூக்கை அதனுள் நுழைப்பதும், உறிஞ்சிய ஒரு மிடற்றையும் துப்பிவிடுவதும் காண்போர்க்கு நகைப்பூட்டுவனவே. ஆயினும் இச்செய்கைகளுக்குப் பின்னே இருப்பது பெரும்பாலும் ஒரு மொழிச்சிக்கல். இலக்கிய வாசகர் நன்கறிந்த சிக்கல்.

செய்முறை எளிது. கோப்பையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஊற்றலாகாது. எஞ்சிய வெளி மணம் தங்குவதற்கு. வெண்தாளின்மேல் சாய்த்து நிறம் பார்க்கிறோம். சுழற்றும்போது மணப்பொருட்கள் ஆவியாகி மேலெழ, முகர்கிறோம். பின் ஒரு சிறு மிடறு, அதனூடே சற்றுக் காற்று. வாயிலிருந்து தொண்டை வழியே மூக்கை எட்டும் மணத்தைத்தான் நாம் பெரிதும் சுவையென்று மயங்குகிறோம். துப்புவது, அடுத்த கோப்பையையும் தெளிந்த அறிவோடு அணுகுவதற்கு.

இதில் தமிழறிந்தார்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. சிவப்பு ஒயினின் டானின்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால் வாய் உலர்ந்து இறுகுகிறது. மேலைநாட்டுத் தொடக்கநிலையாளர் பலர் இதைக் கசப்போடு குழப்பிக்கொள்வர். நமக்கோ அது துவர்ப்பு, அறுசுவையுள் ஒன்று. பாக்கும் வாழைப்பூவும் நாவற்பழமும் அறிந்த நாவுக்குப் புதிதன்று. புளிப்போ உமிழ்நீரைச் சுரக்கச் செய்வது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தாலே பாதிவழி கடந்தாயிற்று.

மறுபாதி மணம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய ஆன் நோபல், 1984-இல் மணச்சக்கரம் ஒன்றை உருவாக்கி அளித்தார். 'நேர்த்தி', 'உன்னதம்' போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. மையத்தில் பழம், அதற்கப்பால் பெர்ரி, விளிம்பில் ஸ்ட்ராபெர்ரி என்று பொதுமையிலிருந்து குறிப்புக்குச் செல்கிறது. ஐயம் எழுந்தால், தனித்த மணமில்லாத ஒயினில் கிராம்பையோ குடைமிளகாய்த் துண்டையோ இட்டு முகர்ந்து ஒப்பிடலாம். 'மனத்தைத் தொட்ட நூல்', 'ஆழமான படைப்பு' என்று எழுதிவிட்டு நகரும் நம் மதிப்புரையாளர்க்கு இச்சக்கரத்தை ஒருமுறை காட்டலாமென்று தோன்றுகிறது.

ஷிராஸ் ஒயினில் மிளகு மணக்கிறது என்பதும் வெறும் கவிக்கூற்று அன்று. அம்மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்னும் சேர்மம் என 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நிறுவினர். நம் கருமிளகிலும் இருப்பது அதுவே. ஆனால் அவர்கள் சோதித்தவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு அது மணக்கவேயில்லை. அருகிலிருப்பவர் மிளகைக் காணவில்லையெனில் அவரை எள்ளுவதற்கு நமக்கு உரிமையில்லை.

சொல் ஏமாற்றவும் வல்லது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பொர்தோ நகரத்து ஒயினியல் மாணவர் 54 பேருக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயின் தரப்பட்டது. அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தனர். இதைக் கொண்டு இக்கலையே மோசடியெனச் சொல்வோரோடு நாம் உடன்படவில்லை. மூக்கு பேசத் தொடங்குமுன் கண் சொல்லை எடுத்துக்கொடுத்துவிட்டது, அவ்வளவே. முன்னுரையைப் படித்துவிட்டுக் கவிதைக்குள் நுழைவோர்க்கு நேர்வதும் இதுவன்றோ?

எனவே தொடங்குவோர், விலைச்சீட்டையும் புட்டியின் பின்புறக் குறிப்பையும் மறைத்துவிட்டுச் சுவைக்கலாம். உடனிருப்பவர் வாய் திறக்குமுன் தாளில் மூன்று சொற்கள் எழுதட்டும். அவை செர்ரியும் சீடார் மரமுமாக இருக்கவேண்டியதில்லை. புளியாகவோ, ஈரச்சாக்காகவோ, ஊறவைத்த கடுக்காயாகவோ இருக்கலாம்.