ஆறட்டும், அவசரம் வேண்டாம்

போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கி எல்லையான போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். முதல் இரண்டு கியர்களிலேயே ஊர்ந்து ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்று குறைவு. என்ஜினுக்கோ உழைப்பு அதிகம். வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டதும் ஓட்டுநர் ஓரம்கட்டி, பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திருகுகிறார். முகமும் கையும் வெந்துபோவது அப்போதுதான்.

மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்குவதால், நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணமே அது ஆவியாகப் பீறிடும். என்ஜினை நிறுத்தி, ரேடியேட்டரின் மேல் குழாய் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகும் தடித்த துணியைப் போட்டு, முதல் தடை வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கியபின் கழற்றுவதே முறை. மின்விசிறி, என்ஜின் நின்ற பின்னும் திடீரென்று சுழலக்கூடும்.

அடிக்கடி நீர் குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருப்பது தீர்வல்ல. மூடியின் இடத்தில் பொருத்தும் பிரஷர் டெஸ்டர் என்ற கைப்பம்பு கசிவைக் காட்டிக்கொடுக்கும். அதன் அடாப்டர் தன் வண்டிக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குவது நல்லது. குளிர்ந்த என்ஜினில், மூடியில் பொறித்த அளவுக்கு மேல் அழுத்தக் கூடாது. மீறினால் பழைய ரேடியேட்டர் பிளந்துவிடும். பம்பு முள் இறங்கினால் எங்கோ கசிவு. ஸ்பிரிங் கிளிப்பைச் சாதாரண குறட்டால் நெம்பினால் நழுவித் தெறிக்கும். அதற்கென்றே தனி பிளையர் உண்டு.

வடித்த கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் எட்டாத இடத்தில் அதை மூடி வைக்க வேண்டும்.

இந்தச் சோதனையெல்லாம் அடிவாரத்தில் முடியட்டும். 12-வது வளைவில் கருவி தேடிப் பயனில்லை.