பானை ஓட்டின் சாட்சியம்

கீழடியில் அகழ்ந்தெடுத்த பானைகள் சுமார் 1100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் சுடப்பட்டவை என்று தமிழக அரசின் தொல்லியல் துறை 2019-ம் வருஷத்து அறிக்கையில் கூறியிருக்கிறது. இவ்வெண்ணை மேடையில் எடுத்துரைக்க விழையும் அன்பர்கள், அது எவ்விதம் பெறப்படுகிறது என்பதையும் அறிந்திருத்தல் அவசியம். எதிர்க்கட்சி வக்கீலின் குறுக்கு விசாரணைக்கு நிற்காத சாட்சியம் வழக்கையே கெடுத்துவிடும்.

களிமண்ணிலுள்ள தாதுக்கள் சூட்டுக்கேற்ப மாறுவன. கயோலின் தாது ஏறக்குறைய 500, 600 டிகிரியில் நீரை இழந்து உருக்குலையும். சுண்ணாம்புச் சத்து 700-க்கும் 850-க்கும் இடையே சிதையும். 1000 டிகிரியைக் கடந்தபின் முல்லைட் என்னும் புதுத் தாது பிறக்கும். எக்ஸ்ரே கதிரைச் செலுத்தினால் எது எஞ்சியது, எது மறைந்தது, எது பிறந்தது என்பது விளங்கும். ஓட்டை மீண்டும் சூடேற்றினால், பழைய சூட்டைத் தாண்டிய பின்னரே அது புதிதாகச் சுருங்கத் தொடங்கும் என்ற முறையை டைட் என்னும் அறிஞர் 1969-ல் விளக்கினார்.

ஆயினும் இச்சாட்சிகளும் தவறக் கூடும். சிதைந்த சுண்ணாம்பு, மண்ணில் புதைந்து கிடக்கும் காலத்தில் மீண்டும் உண்டாகலாம். குறைந்த சூட்டில் நெடுநேரம் வெந்த பானை, மிகுந்த சூட்டில் சிறிது நேரம் வெந்ததைப் போலத் தோன்றலாம். கறுப்பு சிவப்புப் பானையிலோ, காற்றுப் படாத பாகம் கறுத்தும் பட்ட பாகம் சிவந்தும் நிற்கின்றன. காற்றில்லாத இடத்தில் இரும்புச் சத்து மண்ணைக் குறைந்த சூட்டிலேயே இளகச் செய்யும். ஆகவே ஒரே பானைக்கு ஒரே எண்ணைக் கூறுவதைவிட, இன்ன அளவு முதல் இன்ன அளவு வரை என்பதே நியாயம்.

மேலும், எண் உயர்ந்தால் பெருமை உயரும் என்பது பிழை. தண்ணீர்ப் பானை குளிர்விப்பது அதன் நுண்துளைகளால். கண்ணாடிபோல் இறுக வெந்த பானையில் நீர் கசியாது, குளிரவும் செய்யாது. தேவைக்கேற்ற சூட்டை அறிந்து தீயை அடக்கியதே குயவரின் திறமை. திறந்த வெளியில் சுட்டதா, சூளையில் சுட்டதா என்பதையும் வெப்ப அளவு ஒன்றைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. அதற்குச் சூளையின் சுவரும் சாம்பலும் சாட்சி கூற வேண்டும்.

ஒவ்வோர் ஓட்டுக்கும் கையாண்ட முறையையும் கண்ட தாதுக்களையும் பிழையின் எல்லையையும் அச்சிட்டு வெளியிடுமாறு தொல்லியல் துறையை வேண்டுகிறோம். வைகைக் கரை மண்ணையே பல்வேறு சூட்டில் சுட்டு ஒப்பிட்டுக் காட்டுக. ஒவ்வோர் ஓட்டிலும் ஒரு துண்டு நாளைய பரிசோதனைக்கெனப் பத்திரப்படுத்தப்படுக. ஐயமுள்ளவர் யாராயினும் தாமே சோதித்தறிய இடமிருந்தால்தான் அந்த எண் நிலைபெறும்.