ஆலயக் கணினிக்கு வழி வேணும், ஆனா இப்படி வேண்டாம்

தைப்பூச உபயப் பதிவை வீட்டிலிருந்தே பார்க்க, ஆபீஸ் ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிடலாம்னு சில தம்பிங்க சொல்றாங்க. எனக்கு இதில் சம்மதமில்லை.

3389 விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்போட நம்பர்னு எல்லாருக்கும் தெரியும். திறந்து வெச்சா, எங்கிருந்தோ ஒருத்தன் பாஸ்வேர்டை மாத்தி மாத்திப் போட்டுப் பார்ப்பான். அதுக்குன்னே ராத்திரி பகலா ஓடும் புரோகிராம்கள் இருக்கு. வேற நம்பர் வெச்சாலும் தேடிப் பிடிச்சிடும். உள்ளே இருப்பது உபயதாரர்களோட ஐசி நம்பர், போன் நம்பர், வீட்டு விலாசம். நம்பிக் கொடுத்தது. (பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டும் பழக்கம் வேற நமக்கு!)

இன்னொன்று. ரவுட்டர் பக்கத்தில் இண்டர்நெட் ஐபி 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தா, ஒரே முகவரியைப் பல பேருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம். போர்ட் திறந்தும் வெளியிலிருந்து வர முடியாது.

விபிஎன் போடுவோம். டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்று போட்டா, போர்ட்டே திறக்க வேண்டாம், அந்த 100.64 சிக்கலும் தடுக்காது. கணினியில் விண்டோஸ் புரோ இருக்கணும், ஹோம்னா ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே விடாது.

ஞாயிறு கூட்டத்தில் பேசுவோம். அதுவரை ரவுட்டரில் யாரும் கை வைக்காதீங்க.