காரேஜ் சர்வரும் காணாமல் போன 32 ஜிபியும்

கிளேட்டன், மவுண்ட் வேவர்லி பக்கம் சில தமிழ் வீடுகளில் ஒரு புது உறுப்பினர் வந்திருக்கார். காரேஜ் மூலையில் ராத்திரி பகலா உறுமிக்கிட்டிருக்கும் பழைய ஆபீஸ் சர்வர். ஹைஸ்கூல் படிக்கும் பையனோ பொண்ணோ செகண்ட் ஹேண்டில் வாங்கி, ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு, அதற்குள் நாலைந்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டுறாங்க. ஒன்றில் மைன்கிராஃப்ட், ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் குடும்ப போட்டோக்கள். தாத்தாவின் பழைய கேசட்டிலிருந்து மாற்றிய குரல் பதிவும் அதில்தான்.

ஒரு நாள் அதில் ஒரு மெஷின் கிளம்ப மறுக்கும். திரையில் 'கேனாட் அலோகேட் மெமரி' என்று வரும். அடுத்த நிமிஷம் கோரிக்கை: "அப்பா, ரேம் வாங்கணும்." கார்டை எடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க. பல நேரம் ரேம் போதுமான அளவு இருக்கும். யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கோம் என்ற கணக்குதான் இடிக்கும்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைச்சுக்கோங்க. 400 பேரை அழைப்போம், ஆனா இலை போட 150 இடம்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார மாட்டாங்க என்ற நம்பிக்கை. சர்வரும் அப்படித்தான். ஒரு மெஷினுக்கு 8 ஜிபி என்று எழுதி வைத்தாலும், லினக்ஸ் வழக்கமா அதை உடனே எடுத்துக் கொடுக்காது. அந்த மெஷின் தொடத் தொடத்தான் கொடுக்கும். அதனால் 32 ஜிபி சர்வரில் 40 ஜிபிக்கு வாக்குக் கொடுத்தாலும் பல நாள் சிக்கல் இல்லாமல் ஓடும்.

ஆனா சிலர் வந்ததும் துண்டு போட்டு இடம் பிடிச்சிடுவாங்க. கேம் விளையாட கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாக விண்டோஸ் மெஷினுக்குக் கொடுத்திருந்தால், அதற்கு எழுதிய மெமரி முழுவதும் கிளம்பும்போதே பூட்டப்படும். 16 ஜிபி என்றால் அந்த 16ஐயும் வேற யாரும் தொட முடியாது. ஹியூஜ் பேஜஸ் என்ற வசதியை ஆன் பண்ணியிருந்தாலும் இதே கதை. யாருமே பயன்படுத்தலைன்னாலும் அந்த இடம் ஒதுக்கப்பட்டதுதான்.

இன்னொரு பெரிய பசிக்காரர் இசட்எஃப்எஸ். டிஸ்க்கில் அடிக்கடி படிப்பதை மெமரியில் வைத்துக்கொள்வார். பழைய ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவல்களில் மொத்த மெமரியில் பாதி வரை எடுத்துக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு. 8.1க்குப் பிறகு புதிதாக நிறுவினால் 10 சதவீதம்தான், அதுவும் 16 ஜிபிக்கு மேல் போகாது. கேட்டால் திருப்பிக் கொடுப்பார், ஆனா மெதுவா. புது மெஷின் அவசரமா கேட்கும்போது அந்தத் தாமதமே பிழைச் செய்தியாக மாறலாம். அதற்கு ஒரு உச்சவரம்பு போட்டாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துடும்.

பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்க. மொத்த மெமரி எவ்வளவு? சர்வருக்கும் இசட்எஃப்எஸ்ஸுக்கும் எவ்வளவு? ஓடுகிற ஒவ்வொரு மெஷினுக்கும் எழுதிக் கொடுத்தது எவ்வளவு? பிறகு 'ஃப்ரீ' கட்டளையை ஓட்டச் சொல்லுங்க. அதில் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியைத் தற்காலிகமா பயன்படுத்தும், அதனால் அந்த எண் எப்பவும் சின்னதாத்தான் இருக்கும். 'அவைலபிள்' பத்திதான் முக்கியம். ஆனா இசட்எஃப்எஸ் வைத்திருப்பது அதில் சேராது, அதைத் தனியா பாருங்க.

நம்ம ஊர் மோனாஷிலும் இதே கணக்கு, அளவுதான் பெரிசு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுக்கான நெக்டர் ரிசர்ச் கிளவுடில் மோனாஷும் ஒரு பங்காளி. அது ஓடுவது ஓபன்ஸ்டாக் என்ற மென்பொருளில். புது மெஷின் கேட்டால், எந்த சர்வரில் எவ்வளவு பயன்பாட்டில் இருக்கு என்று ஓபன்ஸ்டாக் பார்க்காது. எவ்வளவு வாக்குக் கொடுத்தாச்சு என்று பேரேட்டைப் பார்க்கும். சர்வருக்கென்று ஒரு பங்கை முன்கூட்டியே கழித்துவிடும். எங்கேயும் இடமில்லை என்றால் 'நோ வேலிட் ஹோஸ்ட்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். அந்தக் கறாரை வீட்டிலும் கடைப்பிடிக்கலாம்.

ஏன் இவ்வளவு கறார்? 'மெமரி இருக்கோ இல்லையோ, கேட்டதைக் கொடு' என்று லினக்ஸை மாற்ற ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை இன்டர்நெட்டில் சுலபமா தேடி எடுத்துடலாம். போட்டதும் மெஷின் கிளம்பும், பிள்ளைக்கு சந்தோஷம். பிறகு ஒரு ராத்திரி எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் பசியோடு பந்திக்கு வரும். அப்போ லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு புரோகிராமைக் கொல்லும். பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பவர்தான் பலி. உங்க வீட்டில் அது போட்டோ மெஷினா இருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும். ஃபைல்கள் கெட்டுப்போக அது போதும்.

எல்லாரும் ஒன்றாகப் பந்திக்கு வரும் நாள் எது தெரியுமா? கரண்ட் போய் வரும் நாள். 2024 பிப்ரவரி 13 புயலில் விக்டோரியாவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது நினைவிருக்கும். கரண்ட் வந்ததும் தானாகக் கிளம்பும்படி வைத்த மெஷின்கள் எல்லாம் சேர்ந்து எழும். விண்டோஸ் வேற கிளம்பும்போது தன் மெமரி முழுவதையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும். அதனால் ப்ராக்ஸ்மாக்ஸில் 'ஸ்டார்ட் ஆர்டர்' கொடுத்து வைங்க. போட்டோ மெஷின் முதலில், ரெண்டு நிமிஷம் கழித்து அடுத்தது, மைன்கிராஃப்ட் கடைசியில். தேவையில்லாததுக்குத் தானாகக் கிளம்பும் வசதியே வேண்டாம்.

எல்லாக் கணக்கும் போட்டு, இன்னும் போதலைன்னா ரேம் வாங்கலாம். ஆனா 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையா ஏறியிருக்கு. ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப் போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. பழைய ஆபீஸ் சர்வர்கள் பலவற்றுக்கு ரெஜிஸ்டர்டு வகை ரேம் வேணும், சாதாரண டெஸ்க்டாப் ரேம் வேலை செய்யாது. மாடல் நம்பரைப் பார்க்காமல் வாங்காதீங்க.

போட்டோ மெஷினுக்கு இன்னொரு நகல் வேற இடத்தில் இருக்கா என்று இன்றைக்கே கேட்டுடுங்க. அந்த நகலை எப்படி எடுப்பது, எங்கே வைப்பது என்பதை அடுத்த மாதம் பார்ப்போம்.