வெளிநாட்டில் கற்ற மருத்துவமும் வீட்டில் பேசும் தமிழும்

பிள்ளைகளின் பேச்சு, நடத்தை, கற்றல் ஆகியவற்றில் ஏற்படும் சிக்கல்களைக் கவனிப்பது வளர்ச்சி, நடத்தை சார்ந்த குழந்தை மருத்துவம். இது இளம் துறை. அமெரிக்காவில் 1999ல்தான் இதற்குத் தனி அங்கீகாரம் கிடைத்தது. முதல் சான்றிதழ்த் தேர்வு 2002ல் நடந்தது. அங்கு குழந்தை மருத்துவப் பயிற்சியை முடித்தவர்கள் இதற்காக மேலும் மூன்று ஆண்டுகள் பயில வேண்டும்.

சிங்கப்பூர் மருத்துவர்கள் சிறப்புப் பயிற்சிக்காக வெளிநாடு செல்ல சுகாதார அமைச்சின் நிதியாதரவுத் திட்டம் உதவுகிறது. ஆனால், அங்கு கற்ற அளவுகோல் இங்குள்ள பிள்ளைக்கு அப்படியே பொருந்துமா?

அமெரிக்காவின் டென்வர் நகரில் உருவாகி 1967ல் வெளியான வளர்ச்சிப் பரிசோதனை, 1990களில் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. பெற்றோரிடம் தரப்படும் குழந்தை நலக் கையேட்டின் வளர்ச்சிப் பட்டியல் அதிலிருந்து வந்ததே.

எந்தப் பரிசோதனையும் வீட்டு மொழியை அறியாமல் முழுமை பெறாது. பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பத்துச் சொல், தமிழில் பதினைந்து சொல் தெரிந்தால் இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். தமிழ்ச் சொற்களை மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரும் தாத்தா பாட்டியும்தான். இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்துக்குக் காரணமல்ல. அதற்காகத் தமிழைக் கைவிடத் தேவையில்லை.

“ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்” என்று காத்திருப்பதே ஆபத்து. ஆரம்பகால உதவித் திட்டங்கள் பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்கானவை. சந்தேகம் எழுந்தால் முதலில் பலதுறை மருந்தகத்தை அணுகலாம். லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இதற்கான பிரிவுகள் உள்ளன. நிபுணர் எங்கு படித்திருந்தாலும், நாம் பிள்ளையை அழைத்துச் சென்றால்தான் அந்தப் படிப்பு பயன்படும்.