பெயர் மாறிய பழி

சென்ற டிசெம்பர் 4ஆந் திகதி, சர்வதேச சிவிங்கி தினத்தை முன்னிட்டு, என் வகுப்பு மாணாக்கருக்குச் சிவிங்கியின் படமொன்றைக் காட்டி, இது யாது என வினவினேன். "சிறுத்தை" என்றனர் அனைவரும் ஒரே குரலில். அவர்களைக் குறை கூற மனம் வரவில்லை. வில்பத்துவிலும் யாலவிலும் உலவும் சிறுத்தையையே நம் நாட்டார் அறிவர். சிவிங்கி நம் காடுகளுக்குரிய விலங்கன்று. செய்தித்தாள்களும் இரண்டையும் பெரும்பாலும் ஒரே பெயரால் எழுதிவிடுகின்றன. சிறுத்தையின் புள்ளிகள் மலர்வட்டம் போல்வன; சிவிங்கியின் புள்ளிகளோ மை தொட்டு வைத்தாற்போல் நிறைந்தவை. கண்ணின் உட்கோடியிலிருந்து வாய்வரை இறங்கும் கருங்கோடே அதன் தனி அடையாளம்.

உலகில் எஞ்சியுள்ள சிவிங்கிகள் ஏறத்தாழ 7,100 என்றும், அவை முன்னர் வாழ்ந்த நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இன்று அவற்றுக்கு இல்லை என்றும் 2016இல் ஆய்வாளர் கணித்தனர். இதனைக் கூறியதும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஆட்டைப் பறிகொடுத்தவன் அதைக் கொல்லாமல் வேறென்ன செய்வான்?" என்றான். நியாயமான வினாவே. அதற்கு விடை ஆபிரிக்காவின் நமீபியாவில் உள்ளது.

அந்நாட்டுச் சிவிங்கிகளுட் பெரும்பாலானவை வாழ்வது சரணாலயங்களிலன்று. தனியார் பண்ணை நிலங்களிலேயே. 1980களில் பண்ணையாளர் அவற்றை ஆயிரக்கணக்கிற் கொன்றும் பிடித்தும் அகற்றினர். இரவில் வந்த சிறுத்தையோ கழுதைப்புலியோ கன்றைக் கொன்று மறைந்துவிடும். பகலில் வேட்டையாடும் சிவிங்கியே பண்ணையாளன் கண்ணிற் படும். நம் வகுப்பறையில் பெயர் மாறியது. அங்கே பழி மாறியது.

லோரி மார்க்கர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1990இல் அங்கு ஒரு காப்பு நிறுவனத்தை அமைத்தார். ஜீவகாருண்யம் போதிக்க அவர் முற்படவில்லை. பண்ணை பண்ணையாகச் சென்று, இழப்பு யாதென்று கேட்டறிந்தார். 1994 முதல், துருக்கியின் அனத்தோலியாப் பகுதிக்குரிய பெரிய காவல் நாய்களை வளர்த்து, மந்தை காக்க வழங்கினார். கடித்தடமும் காலடித்தடமும் கொண்டு, கொன்ற விலங்கு எதுவெனத் துணியும் முறையும் பண்ணையாளருக்குக் கற்பிக்கப்பட்டது. மந்தைக்குக் காவல் கிடைத்தபின், துப்பாக்கியை எடுக்கும் தேவை குறைந்தது.

அந்நாட்டில் ஜெர்மானிய ஆய்வாளர் நடத்திய ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. ஆண் சிவிங்கிகள் சில குறித்த மரங்களில் தம் மணத்தை விட்டுச் செல்லும். ஏனைய சிவிங்கிகளும் அவ்விடங்களை நாடி வரும். இளங்கன்றுள்ள மந்தைகளை அவ்விடங்களிலிருந்து விலக்கி மேய்த்தபோது, கன்றிழப்பு 86 வீதம் குறைந்தது. விலங்கை நன்கறிந்ததனால் விளைந்த பயன் இது.

அறிய முற்படும் முன்னரே அழித்துவிட்டால் நேர்வது யாதென்பதற்கு இந்தியா சான்று. அங்கு சிவிங்கி அற்றுப்போனதென 1952இல் அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகளின் பின்னர், 2022 செப்டெம்பரில், நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் விமானமேறிக் கூனோ வனத்துக்கு வந்தன. குட்டிகள் பிறந்தன, மரணங்களும் நேர்ந்தன. இழந்ததை மீட்டல் அத்துணை எளிதன்று.

இவை யாவும் தொலைதூரச் செய்திகள், நமக்கென்ன என்று இருந்துவிட இயலாது. சிவிங்கியின் சர்வதேச வணிகம் 1975 முதல் தடுக்கப்பட்டிருந்தும், கிழக்கு ஆபிரிக்காவிற் குட்டிகள் தாயிடமிருந்து கவரப்பட்டு, வளைகுடா நாட்டுச் செல்வர் இல்லங்களுக்குக் கடத்தப்படுகின்றன. வழியிலேயே மடிவன பல. மோட்டார் வண்டியில் எசமானருகே அமர்ந்திருக்கும் குட்டியின் படம் நம் கைத்தொலைபேசிக்கும் வருகின்றது. அழகென்று வியந்து நாம் அதனைப் பிறருக்கு அனுப்புந்தோறும், அத்தகைய குட்டியொன்றை வாங்கும் ஆசை எங்கோ ஒருவருக்கு வளர்கின்றது.

அன்று கரும்பலகையில் சிறுத்தை, சிவிங்கி என இரு பெயர்களையும் அருகருகே எழுதினேன். அத்தகைய படம் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று மட்டும் மாணாக்கரைக் கேட்டுக்கொண்டேன். ஆசிரிய நண்பர்களையும் நான் வேண்டுவது அதுவே.