எடைபோட வேண்டியது எதை?

‘ஊருக்குத்தான் உபதேசம்’ என்று தொடங்கும் பழமொழியை அறியாத தமிழர் அரியர். தாம் செய்யாததைப் பிறரைச் செய்யச் சொல்பவர்மீது அப்பழமொழி ஓர் அம்பைப்போலப் பாயும். புகைபிடித்துக்கொண்டே புகையின் தீமையை விளக்குபவரும், கடன் வாங்கிச் செலவழித்துக்கொண்டே சிக்கனத்தைப் போதிப்பவரும் அதற்கு இலக்காவர். அவ்வரிசையில் இன்னொருவரும் நிறுத்தப்படுகிறார். பருத்த உடலோடு இருந்துகொண்டு, பிறரை எடை குறைக்குமாறு அறிவுறுத்தும் மருத்துவரே அவர். ‘முதலில் இவர் தம் உடம்பைக் குறைத்துக்கொள்ளட்டும், பிறகு நமக்குச் சொல்லட்டும்’ என்ற முணுமுணுப்பு மருத்துவமனை வாயிலைக் கடக்கும் முன்பே எழுந்துவிடுகிறது.

இந்த முணுமுணுப்பு நியாயமானதா? உடல்நலம் பற்றி அறிவுரை கூறுபவர், தாமும் கட்டான உடலோடு தோன்றத்தான் வேண்டுமா? இவ்வினா சிறியதன்று. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். நாடு முழுமைக்குமான அளவு 24 விழுக்காடே. இத்தகைய சூழலில் யாருடைய சொல்லைக் கேட்பது, யாருடைய சொல்லைத் தள்ளுவது என்பது நலவாழ்வோடு நேரடியாகத் தொடர்புடைய முடிவாகும்.

ஒரு மருத்துவரும் ஒரு விவாதமும்

இவ்வினா 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெரும் விவாதமாகவே வெடித்தது. அந்நாட்டு மக்களுக்கு நலவாழ்வு குறித்து அறிவுரை வழங்கும் உயர்பதவி ‘சர்ஜன் ஜெனரல்’ என்பதாகும். அப்பதவிக்கு ரெஜினா பெஞ்சமின் என்னும் பெண் மருத்துவரை அன்றைய குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா முன்மொழிந்தார். உடனே சிலர் அவருடைய உருவத்தைச் சுட்டிக்காட்டினர். உடற்பருமன் நாட்டின் பெருஞ்சிக்கலாக இருக்கும்போது, சற்றே பருத்த உடலினர் ஒருவர் நாட்டிற்கு எவ்வாறு வழிகாட்ட முடியும் என்று வினவினர்.

வினவியவர்கள் அவருடைய உடலைப் பார்த்தனர். அவருடைய பணியைப் பார்க்கவில்லை. அலபாமா மாநிலத்தின் கடலோரத்தில் பையூ லா பாட்ரி என்றொரு சிற்றூர் உள்ளது. இறால் பிடித்துப் பிழைக்கும் எளிய மக்கள் வாழும் ஊர் அது. அங்கு 1990இல் பெஞ்சமின் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். 1998இல் வீசிய ஜார்ஜஸ் புயல் அதனை அழித்தது. மீண்டும் எழுப்பினார். 2005இல் கத்ரினா புயல் அழித்தது. மறுபடியும் எழுப்பினார். திறக்கவிருந்த வேளையில் தீவிபத்து அதனைச் சாம்பலாக்கியது. அதன் பின்னரும் அவர் ஊரை விட்டு அகலவில்லை. தம் வண்டியை ஓட்டிக்கொண்டு நோயாளிகளின் வீடுதேடிச் சென்று மருத்துவம் பார்த்தார். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் அவர் தந்தையை வாட்டியிருந்தன. புகைப்பழக்கத்தால் வந்த நுரையீரல் புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்திருந்தார். தடுக்கக்கூடிய நோய்கள் ஒரு குடும்பத்தை எப்படிச் சிதைக்கும் என்பதை அவர் நூல்களில் மட்டும் படித்தறியவில்லை.

அவர் பொறுப்பேற்ற பின் நிகழ்ந்த ஒன்று இங்குக் கருதத்தக்கது. 2011இல் அட்லாண்டா நகரில் நடைபெற்ற சிகையலங்காரக் கண்காட்சி ஒன்றில் அவர் உரையாற்றினார். மருத்துவருக்குச் சிகையலங்காரக் கூடத்தில் என்ன வேலை என்று சிலர் வியந்தனர். பணமும் நேரமும் செலவழித்து ஒப்பனை செய்த கூந்தல் வியர்வையால் கலைந்துவிடும் என்றஞ்சி, கறுப்பினப் பெண்கள் பலர் உடற்பயிற்சியைத் தவிர்த்துவந்தனர். அத்தடையை அறிந்திருந்ததனால், கூந்தல் கலையாமல் உடற்பயிற்சி செய்வதற்கு ஏற்ற வழிகளைக் காண அவர் சிகையலங்காரக் கலைஞர்களின் துணையை நாடினார். ‘உடற்பயிற்சி செய்க’ என்று கட்டளையிடுவது எளிது. ஒருவர் ஏன் அதனைச் செய்யாதிருக்கிறார் என்று கண்டறிவதே அரிது. அந்த அறிவு மெலிந்த உடலிலிருந்து வருவதன்று. மக்களோடு பழகுவதிலிருந்து வருவது.

எதிர்த்தரப்பின் நியாயம்

எனினும் எதிர்த்தரப்பினரின் கருத்தை முற்றிலும் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. நோயாளிகள் மருத்துவரின் தோற்றத்தைக் கவனிக்கின்றனர். பருத்த உடல் கொண்ட மருத்துவரின் அறிவுரையைப் பின்பற்றச் சிலர் தயங்குவதாக ஆய்வுகள் கூறுகின்றன. அவ்வாறு தயங்குவோருள் தாமே மிகை எடை கொண்டவர்களும் உளர். 2012இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வில், பருத்த நோயாளிகளிடம் எடைகுறைப்பைப் பற்றிப் பேசுவதாக இயல்பான எடை கொண்ட மருத்துவர்களில் 30 விழுக்காட்டினர் கூறினர். மிகை எடை கொண்ட மருத்துவர்களில் அவ்வாறு கூறியோர் 18 விழுக்காட்டினரே.

முன்மாதிரியின் ஆற்றலும் மறுக்கத்தக்கதன்று. புகைப்பழக்கத்திற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் பிராட்ஃபோர்டு ஹில் என்பவரோடு சேர்ந்து வெளிப்படுத்தியவர் இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்டு டால். புகைப்பழக்கம் கொண்டிருந்த அவர், தம் ஆய்வின் முடிவைக் கண்டு தாமே அதனைக் கைவிட்டார். சொல்லும் செயலும் ஒன்றான அத்தகையோரின் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. ஆகவே, ‘நீர் பின்பற்றுகிறீரா?’ என்ற வினா தவறானதன்று. அவ்வினாவிற்குரிய விடையை உடலின் பருமனில் தேடுவதே தவறு.

செயலும் விளைவும்

புகைபிடித்தல் ஒரு செயல். உடல் எடையோ பல காரணங்கள் கூடி உண்டாக்கும் ஒரு விளைவு. செயலைக் கண்ணால் காணலாம். விளைவை மட்டும் பார்த்துச் செயலை உய்த்துணர்வது பெரும்பாலும் பிழையில் முடியும்.

எடையை உருவாக்குவதில் மரபுவழிக்குப் பெரும்பங்கு உண்டு. டென்மார்க் நாட்டில் தத்தெடுத்து வளர்க்கப்பட்டோரைப் பற்றி ஆல்பர்ட் ஸ்டங்கார்டு குழுவினர் ஆராய்ந்து 1986இல் முடிவை வெளியிட்டனர். வளர்ந்து பெரியவர்களான அப்பிள்ளைகளின் உடலமைப்பு, சோறூட்டி வளர்த்த பெற்றோரின் உடலமைப்போடு ஒத்திருக்கவில்லை. முகமறியாத பெற்றோரின் உடலமைப்போடு ஒத்திருந்தது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் கண்டறிந்த லெப்டின் என்னும் இயக்குநீர் மற்றோர் உண்மையை விளக்கிற்று. உடலின் கொழுப்பு குறையும்போது இந்நீரின் அளவும் குறைகிறது, பசி மிகுகிறது, உடல் செலவிடும் ஆற்றல் சுருங்குகிறது. இழந்த எடையை மீட்பதற்கு உடலே போராடுகிறது என்பது இதன் பொருள். இவற்றோடு தைராய்டு குறைபாடு, சிலவகை மருந்துகள், இரவுப்பணி, உறக்கக் குறைவு ஆகியனவும் எடையைக் கூட்டுகின்றன. இரவெல்லாம் கண்விழித்துப் பிறரைக் காக்கும் செவிலியின் உடலை அவருடைய ஒழுக்கக்குறைவின் அடையாளமாகக் கருதுதல் அறியாமை மட்டுமன்று, நன்றிகேடும் ஆகும்.

இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் 120 கிலோ எடையிலிருந்து மூன்றாண்டுகள் முயன்று 95 கிலோவிற்கு இறங்கியவர். மற்றவர் எதை உண்டாலும் மெலிந்தே இருக்கும் உடல்வாகு கொண்டவர். தெருவில் காண்போர் முன்னவரைப் பருத்தவர் என்பர். பின்னவரைக் கட்டுடலர் என்பர். ஆனால், பசியை அடக்கும் வழியும், மனம் சோரும் நாளில் மீளும் முறையும், குறைந்த எடை மீண்டும் ஏறும்போது எழும் துயரும் யாருக்குத் தெரியும்? பின்னவர் தம் வாழ்நாளில் ஒரு கிலோவைக்கூட முயன்று குறைத்தவர் அல்லர். தோற்றத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், கடலை நீந்திக் கடந்தவரை விடுத்துக் கரையில் நின்றவரிடம் நீச்சல் கற்க நேரும்.

தோற்றம் தரும் ஏமாற்றம்

கட்டான உடல் நலமான உடல் என்பதற்கும் உறுதி இல்லை. ஜிம் ஃபிக்ஸ் என்னும் அமெரிக்கர் ஏறத்தாழ 100 கிலோ எடையும் புகைப்பழக்கமும் கொண்டிருந்தவர். முப்பத்தைந்தாம் வயதளவில் ஓடத் தொடங்கி, எடையைக் குறைத்து, புகையை விட்டு, 1977இல் ஓட்டப்பயிற்சி பற்றி ஒரு நூல் எழுதினார். அது பத்து இலட்சம் படிகளுக்குமேல் விற்றது. 1984இல் தம் 52ஆம் வயதில் ஓடிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். அவருடைய இதயக் குருதிக்குழாய்கள் கடுமையாக அடைபட்டிருந்தன. அவர் தந்தையும் இதயநோயால் 43 வயதில் மறைந்தவர். அவருடைய அறிவுரை பொய் என்று இதனால் ஆகிவிடாது. அவருடைய உடலின் புறத்தோற்றம் அகத்தின் நிலையைக் காட்டவில்லை என்பதே இங்குப் பெறத்தக்க பாடம்.

இதனினும் கேடானது, தோற்றமே வணிகப் பொருளாவது. ‘லிவர் கிங்’ என்ற பெயரில் சமூக ஊடகங்களில் புகழ்பெற்ற பிரயன் ஜான்சன், பச்சை ஈரல் முதலியவற்றை உண்டு முன்னோரைப்போல் வாழ்வதே தம் முறுக்கேறிய உடலுக்குக் காரணம் என்று கூறிவந்தார். அதனோடு இயைந்த ஊட்டப் பொருள்களையும் விற்றார். தாம் ஸ்டீராய்டு மருந்துகளைப் பயன்படுத்திவந்ததை 2022 டிசம்பரில் அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய உடலைச் சான்றாக நம்பியவர்கள் ஏமாந்தனர். தம் உடலையே விளம்பரமாக முன்வைப்பவரிடம், ‘இவ்வுடல் எவ்வாறு வந்தது?’ என்று கேட்பதற்கு மக்களுக்கு முழு உரிமை உண்டு. தம் கல்வியையும் சான்றுகளையும் முன்வைப்பவரிடம் கேட்க வேண்டிய வினா வேறு.

கேட்க வேண்டிய வினாக்கள்

அவ்வாறாயின் அறிவுரை கூறுபவரை எவ்வாறு ஆராய்வது? அவர் இதனை முறையாகக் கற்றவரா? அவர் கூறுவதற்குச் சான்று உண்டா? அறிவுரையின் முடிவில் ஒரு மாவு டப்பாவோ மாத்திரைப் புட்டியோ விற்பனைக்கு வருகிறதா? ஒரே மாதத்தில் பேரதிசயம் நிகழும் என்கிறாரா, காலம் எடுக்கும் என்கிறாரா? கேட்பவரின் வயது, நோய், தொழில், வருவாய் ஆகியவற்றை விசாரித்தபின் பேசுகிறாரா, எல்லார்க்கும் ஒன்றையே ஓதுகிறாரா? இவ்வினாக்களுக்கு ஏற்ற விடை கிடைக்குமானால், அவர் பருத்தவராயினும் மெலிந்தவராயினும் அச்சொல் கொள்ளத்தக்கது. கிடைக்காவிடில் அவர் சிலைபோன்ற உடலினராயினும் அச்சொல் தள்ளத்தக்கது.

அறிவுரை கூறுபவர்க்கும் ஒரு கடமை உண்டு. மாணவர்களை ஓடச் சொல்லும் ஆசிரியர் தாமும் திடலில் இறங்கி இயன்றவரை நடக்க வேண்டும். தம் எடையோடு தாமும் போராடும் மருத்துவர் அதனை மறைக்காமல், ‘இது கடினம் என்பதை நானும் அறிவேன்’ என்று கூறலாம். அவ்வொரு சொல் நோயாளியின் கூச்சத்தைப் போக்கும். மேற்கூறிய ஆய்வில் பருத்த மருத்துவர்கள் பலர் பேசாமல் இருந்ததற்கு இத்தகைய கூச்சமும் ஒரு காரணமாகலாம். தோற்றத்தைப் பார்த்து ஏளனம் செய்யும் சமூகம், அறிந்தவர்களின் வாயை அடைக்கிறது. அதனால் இழப்பு அடைபவர் மருத்துவர் அல்லர். அறிவுரை பெறாமற்போகும் நோயாளியே.

ஒரே அதிகாரத்தில் இரு குரல்கள்

திருக்குறளின் ‘வினைத்திட்பம்’ அதிகாரம் இவ்விவாதத்தின் இருபக்கத்தையும் தன்னுள் கொண்டிருக்கிறது. பேசுவது எவர்க்கும் எளிது, பேசியபடி நடப்பது கடினம் என்று ஒரு குறளில் வள்ளுவர் எச்சரிக்கிறார். அதே அதிகாரத்தின் இன்னொரு குறளில், ஒருவரின் வடிவத்தை நோக்கி அவரைத் தாழ்வாக எண்ணிவிடலாகாது என்கிறார். பெருந்தேரைத் தாங்கியோட்டும் சிறிய அச்சாணியை அதற்கு உவமையாக்குகிறார். செயலை ஆராயச் சொன்ன அவரே உருவத்தை இகழ வேண்டாம் என்றும் சொன்னார். செயல் வேறு, உருவம் வேறு என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் பருத்த உடலுக்காகக் கேலிக்குள்ளாகும் மாணவர் எத்தனையோ பேர். சத்துணவைப் பற்றி நன்கு கற்றிருந்தும், ‘நீயா சொல்வது?’ என்ற ஒற்றை வினாவிற்கு அஞ்சி அவர்கள் வாய்திறப்பதில்லை. உணவியல் கற்க விரும்பும் மாணவியும், உடற்கல்வி ஆசிரியராக விரும்பும் மாணவனும் தம் உருவத்தை எண்ணி அவ்விருப்பத்தைக் கைவிட்டால், நாளைய சமூகம் நல்ல வழிகாட்டிகளை இழக்கும். ஆளை எடைபோடுவதற்கு ஓர் எடைப்பொறி போதும். சொல்லை எடைபோடுவதற்கு அறிவு வேண்டும். கற்றவர்களிடம் சமூகம் எதிர்பார்ப்பது அதனையே.